முள்ளுக்குக் கழிவு

மண்டியில் மூட்டைக்கு ஒன்றரைக் கிலோ கழிப்பார்கள்.
தூசுக்கு அரை, வாடலுக்கு அரை,
முள்ளுக்கு அரை.
முள் என்ன அவ்வளவு எடையா என்று
ஒருமுறைதான் கேட்டேன்.
மூட்டை இறக்கும் குப்புராஜ்
உள்ளங்கையை விரித்துக் காட்டினான்.

எங்கள் இலவம்பாடிக் கத்தரிக்குக்
காம்பில் முள், இலை நரம்பில் முள்,
தலையில் கவிழ்த்த பச்சைக் குல்லாயிலும் முள்.
பாதி ஊதா, பாதி வெளிறிய பச்சை,
யாரோ பூசப் பூச எழுந்து போனதுபோல.

முள்ளில்லா நாற்று வந்திருக்கிறது
என்கிறார் விதைக்கடைக்காரர்.
ஒரே அளவு, ஒரே நிறம்,
பறிப்பு முடிவதற்குள் பதினொரு முறை மருந்து.
அவர் பொய் சொல்லவில்லை.
என் தங்கை வீட்டுக்காரர் அதைப் போட்டுத்தான்
நகையை மீட்டார்.
அதையும் சொல்லிவிட வேண்டும்.

வேலியில் ஒரு செத்த முருங்கைக் கட்டை.
பிடுங்கிவிட்டுக் கல்தூண் நடலாம் என்கிறான்
மகன் லிங்கேசன்.
கட்டையில் விரல் நுழையும் ஏழு ஓட்டை,
ஓட்டைக்கு ஒரு கருவண்டு.
விடிந்ததும் கத்தரிப் பூவைக் கட்டிப்பிடித்து
உடம்பு முழுக்க உறுமும்.
அந்த உறுமலுக்குத்தான் பூ
தன் மஞ்சள் தூளைக் கொட்டும்.
தேனீ வரும், சுற்றும், வெறுங்கையோடு போகும்.
பிரித்துப் பார்த்திருக்கிறேன்:
மிளகுத்தூள் புட்டிபோல
நுனியில் மட்டும்தான் துளை,
குலுக்கத் தெரிந்தவருக்கே கிடைக்கும்.

சாகுபடிச் செலவு எழுத வந்த ஆபீசர்
உழவு கேட்டார், எரு கேட்டார், ஆள்கூலி கேட்டார்.
வண்டு என்றேன்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
சிரித்தார். நானும் சிரித்தேன்.

செவ்வாய்தோறும் ஒரு கூடை மண்டிக்குப் போகாது.
அணைக்கட்டு பஸ்ஸில் என் மடியில் ஏறி
வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னால்
லாட்ஜ் சந்தில் இறங்கும்.
கடைப் பலகையெல்லாம் வங்காள எழுத்து.
வைத்தியத்துக்கு வந்தவர்கள்
அறைக்குள்ளேயே ஸ்டவ் வைத்துச் சமைப்பார்கள்.
அங்கே நான் கற்றது மூன்று சொல்.
பேகுன், கத்தரி.
கோதோ, எவ்வளவு.
காட்டா, முள்.

ஷெஃபாலி என்று ஒருத்தி.
வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில், நாலாம் மாடியில்.
வாராவாரம் கால் கிலோ வாங்கினாள்.
முள்ளைச் சொல்லி விலை குறைக்கவில்லை.
விரலில் ஏறியதை முன்பல்லால் கடித்தெடுத்துத்
துப்பினாள்.
எங்கள் ஊர்க்காரி மாதிரியே என்று சொல்லத் தோன்றும்.
முள்ளை வேறெப்படி எடுப்பது?

ஒரு செவ்வாய்
விதைக்கு விட்டிருந்த மஞ்சள் பழம் ஒன்று
தவறிக் கூடையடியில் வந்துவிட்டது.
அதைத்தான் எடுத்தாள்.
தின்ன முடியாது என்று கையாட்டினேன்.
பீஜ் என்றாள்.
நாலாவது சொல். கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.
காசு வாங்கவில்லை என்றால் நன்றாயிருக்கும்.
வாங்கினேன். பத்து ரூபாய்.
பஸ்ஸுக்கு வேண்டியிருந்தது.

அடுத்த வாரம் அறை காலி.
காட்பாடியில் ரயிலேறிவிட்டார்கள் என்றான்
பெருக்கிக்கொண்டிருந்த பையன்.
ஆர்கள் என்றால் எத்தனை பேர்
என்று நாக்கு நுனிவரை வந்தது.
ஜன்னல் கட்டையில்
யாருடையதோ ரத்தப் பரிசோதனைச் சீட்டு,
அதில் ஒட்டிக் காய்ந்த இரண்டு விதை.
மிச்சத்தைச் சுரண்டி எடுத்துப் போயிருக்கிறாள்.

வழியெல்லாம் ஒரே யோசனை.
விதை முளைக்கும், சந்தேகமில்லை.
பூக்கும்.
அந்த ஊர் வேலியில்
செத்த கட்டை ஒன்றை
யாராவது விட்டு வைத்திருக்க வேண்டுமே.

வீட்டுக்கு வந்தால்
லிங்கேசன் தூண் நட்டு முடித்திருந்தான்.
கம்பி நேராக வந்து
முருங்கைக் கட்டையைக் கண்டதும்
ஒதுங்கி, வளைந்து, சுற்றிக்கொண்டு போகிறது.
ஒன்றரை அடி வீண் என்றான், முகம் பார்க்காமல்.
என் கணக்கில் கழித்துக்கொள் என்றேன்.