ஒரு வாக்குக் கூட

ஒட்டுசுட்டான். தரம் ஏழு. குடியுரிமைக் கல்வி.
பால்மா ரின்னின் மூடியைக் கீறி
வாக்குப்பெட்டி ஆக்கினோம்.
வாக்களித்த சின்னவிரலுக்கு
என் சிவப்புப் பேனை.

வந்திருந்தது இருபத்திரண்டு பேர்.
எண்ணினால் இருபத்துமூன்று.
சாருகனுக்குப் பன்னிரண்டு, அபிசாளினிக்குப் பதினொன்று.

"கள்ள வோட்டு!"
பின் வாங்கு மேசையில் அடித்தது.

கவிநிலா எழும்பினாள்.
"தமிழ்விழி கச்சான் பிடுங்கப் போயிட்டாள் ரீச்சர்.
ஒருத்தற்ற உரிமையும் வீணாப் போகக்கூடாதெண்டு
நீங்கதானே சொன்னனீங்கள்.
அவளுக்கும் சேத்து நான்தான் போட்டனான்."

"ஆருக்கு?"

"அவள் சொன்ன ஆளுக்கு.
எனக்கெண்டால் சாருகனைக் கண்ணிலயும் காட்டேலாது."

ஆசிரியர் வழிகாட்டியைப் புரட்டினேன்.
இரகசிய வாக்கு, பக்கம் நாற்பத்தொன்று.
விரலை வைத்தேன்.
எடுத்தேன்.

"சரி, அவளும் வரட்டும்.
திங்கட்கிழமை திரும்பப் போடுவம்."

"திங்களும் வரமாட்டாள் ரீச்சர்.
இன்னும் அரை ஏக்கர் கிடக்கு."

தண்டவாளத் துண்டில் மணி அடித்தது.
பெட்டியோடு ஓடிவிட்டார்கள்.

இடாப்பை விரித்தேன்.
தமிழ்விழி பெயருக்கு நேரே
ஒன்பது நாளாய்ச் சிவப்புப் புள்ளி.
போட்டதும்
இதே பேனைதான்.