இரண்டாம் அறைக்காரர்கள்

அருவி தெரியுமா என்று
போனில் கேட்டவனிடம் நான் பொய் சொல்லவில்லை.
ஜூலையில் சோராவில்
எதிர்வீடே தெரியாது.
அப்படியும் வந்தார்கள்.
பாட்மேரிலிருந்து மூன்று ரயில் மாறி,
ஷில்லாங்கில் ஷான்போரின் சுமோவில் ஏறி,
பதினொரு நாள் வயதான கல்யாணத்தோடு.
அவள் கையில் மருதாணி இன்னும் மங்கவில்லை.
அவன் ரெயின்கோட்டில்
விலைச்சீட்டு தொங்கியது.

தேனிலவுக்காரர்களை எனக்குத் தெரியும்.
ஒன்பது வருடமாக இந்த நாலு அறையை நடத்துகிறேன்.
முதல் நாள் மேகத்தைப் படம் பிடிப்பார்கள்.
இரண்டாம் நாள் சீட்டுக்கட்டு கேட்பார்கள்.
மூன்றாம் நாள் வரும்
காயாத உள்ளாடை பற்றிய முதல் சண்டை.
கரியடுப்புக்கு மேல் மூங்கில் தட்டி கட்டி
எவர் காலுறை எவருடையதென்று பாராமல்
காயவைத்துக் கொடுப்பேன்.
சமாதானம் அநேகமாக அந்தப் புகையில்தான் நடக்கும்.

இவர்கள் சண்டை போடவில்லை.
பேசவும் இல்லை, அவ்வளவாக.
அவன் ஜன்னலில் அருவியைத் தேடினான்.
அவள் கூரை விளிம்பையே பார்த்திருந்தாள்.
தகரத்திலிருந்து விழுந்து
படி தாண்டி, சரிவில் உருண்டு,
வங்காளதேசத்துக்குப் போகிற தண்ணீரை
பர்ஸைத் தொலைத்தவள் போல.

இரவு ஒரு மணிக்குச் சத்தம்.
மழையெல்லாம் எங்களுக்குச் சத்தமில்லை,
நின்றால்தான் விழிப்பு வரும்.
இது வேறு.
டங். டங். பிறகு ஒரு டொளக்.
டார்ச்சோடு போனேன்.
கூரை நெடுக வரிசையாக
என் இரண்டு வாளி, சோற்றுப் பானை,
பன்றிக்கறி வேகும் சட்டி
(அதை அவளிடம் சொல்லவில்லை),
டீ கெட்டில், குளியல் குவளை,
நாலு அறையின் குப்பைக் கூடைகளும்.
நடுவில் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு
கையும் களவுமாக அவள்.

"வீணாப் போகுது, தீதி.
தூக்கம் வரல."

பின்னாலேயே ஓடிவந்தான் அவன், குறுகிப்போய்:
ஊரில் டாங்கர் வாரத்துக்கு ஒருமுறைதான்,
மன்னிக்கணும்,
விடிந்ததும் எல்லாம் கழுவி வைத்துவிடுகிறோம்.

சிரித்திருப்பேன்.
ஆனால் சோராவில் ஜனவரி என்று ஒன்று உண்டு.
மழை முழுக்கச் சமவெளிக்கு இறங்கிவிட்டபின்
பாறை மட்டும் மிஞ்சுகிற மாதம்.
கூடையில் ஐந்து கேன் அடுக்கி,
நெற்றிப் பட்டை தலையைப் பின்னுக்கு இழுக்க,
ஊற்றுக்கு மூன்று நடை போவேன்.
அப்போது விருந்தாளிகள் வருவதில்லை.
வந்தவர்களிடம் சொன்னதில்லை.

போய் ஷான்போரை எழுப்பினேன்.
ஆமையோடு போன்ற மூங்கில் க்நூப்பைக் கவிழ்த்துக்கொண்டு
"மூன்று பைத்தியங்கள்" என்று முனகியபடி
நீல டிரம்மை உருட்டிவந்தான்.

பெயர் என்ன என்றேன், வாளி மாற்றுகையில்.
தாப்பு.
அப்படியென்றால்?
அவள் சொல்லவில்லை.
அவன்தான் சொன்னான், தரையைப் பார்த்து.
வயிறு நிறைந்தது, போதும் என்று அர்த்தமாம்.
ஐந்தாவது பெண்.

என் அம்மாவுக்கு நான் கடைசி.
எங்களில் கடைசி மகளுக்குத்தான் வீடு.
பெண் பிறக்காத குடும்பத்தை
அணைந்த அடுப்பு போலப் பார்ப்போம்.
இதை எந்த இந்தியில் அவளுக்குச் சொல்வது?
கெட்டிலை வாங்கினேன்,
மூக்கு வழியாக வழிந்துகொண்டிருந்தது.
"போதுமா?" என்று
பழக்கத்தில் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்தேன்.

முதலில் சிரித்தது அவள்தான்.
"போதாது" என்றான் அவன்,
அவள் கையிலிருந்த கூடையைப் பிடுங்கி
மழைக்குள் இறங்கி.
ரெயின்கோட் உள்ளே ஆணியில் கிடந்தது.

நாலாம் நாள் காலை, அவர்கள் கிளம்பும் நாள்,
ஒரு கோப்பை டீ குடிக்கும் நேரத்துக்கு
மேகம் விலகியது.
அருவி முழுசாக, உச்சியிலிருந்து பச்சைக் குளம் வரை.
ஓடிப்போய் இரண்டாம் அறையைத் தட்டினேன்.
பதில் இல்லை.
உள்ளே இருவரின் மூச்சு மட்டும், அடித்துப்போட்ட தூக்கம்.
இரண்டாவது முறை தட்டவில்லை.

நானும் பார்த்து வெகுநாளாயிற்று.
நின்று பார்த்தேன்.
பிறகு மூடிக்கொண்டது.
குப்பைக் கூடைத் தண்ணீரில்
அவர்கள் காலுறைகளை அலசிப் போட்டேன்.