பெயர் நீக்கம், பெயர் சேர்ப்பு

ஏற்காட்டுச் சாலை, பதினேழாவது கொண்டை ஊசி வளைவில்
பாறை இடுக்கில் நின்ற காயா இது.
அழுத்தி உலர்த்தியதில்
மயில்கழுத்து நீலம் போய்விட்டது.
இலை மட்டும் மஞ்சளாய்த் தாளில் கிடக்கிறது.

ஓரத்தில் சீட்டுகள்.
முதலில் மெலஸ்டொமட்டேசி.
பிறகு யாரோ உற்றுப் பார்த்தார்கள்:
அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம்
இலையடியிலிருந்து மூன்று நரம்பு ஓடும்,
இதற்கு ஓடவில்லை.
மெமிசைலேசி என்று
தனிக்குடித்தனம் வைத்தார்கள்.
இப்போது மறுபடி பழைய குடும்பத்துக்கே.

பழைய சீட்டைக் கிழிக்கக் கூடாது.
பக்கத்தில் புதிதாய் ஒட்டி
தேதி போட்டு
இரா. வேதவல்லி என்று எழுதுகிறேன்.

என் குடும்ப அட்டையில்
அப்படி வழக்கமில்லை.
அஸ்தம்பட்டியில் பெயர் நீக்கம்,
ஓமலூரில் பெயர் சேர்ப்பு,
ஏழே வருஷத்தில்
மறுபடி நீக்கல் சான்று கேட்கிறார்கள்.
எந்த நரம்பைப் பார்த்தார்கள் என்று
ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

ஐந்தே முக்கால் பஸ்
அந்த வளைவில் முனகித் திரும்பியது.
நேற்றைய கோடை மழைக்கு
கணுவெல்லாம் வெடித்து
வெறுங்கட்டையோடு ஒட்டி
அப்படியொரு நீலம்.

மதியம் நான் தடவிய பசை
இன்னும் காயவில்லை.