சிவப்பு நெளிகோடு

சுய்யாக் பள்ளியில் நான்காம் வகுப்புத் தமிழுக்குப்
பதினோரு பேர். டேப்லெட் ஒன்பது.
ஒன்றில் திரை கீறல்.
இன்னொன்றில் சார்ஜ் நிற்காது.

பாடம் எளிது:
பெயரைத் தமிழில் எழுதுங்கள்.
பதிவேட்டில் உள்ளபடி,
பிரெஞ்சுக்கு அடிக்கிற அதே எழுத்துகளில் அடியுங்கள்,
மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும் என்றேன்.
பயிற்சி வகுப்பில் எங்களுக்கும் அப்படித்தான் சொன்னார்கள்.

வெளியே கரும்பு வெட்டும் எந்திரம்
ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது.

ஆறுமுகம் வீட்டுப் பையனுக்கு
ஆறு முகமும் போய்
அர்மூகும் என்று வந்து நின்றது.
தர்வின் சின்னப்பனுக்கு முதலில் சின்னபென்.
அது சரியில்லையோ என்று தானே யோசித்து
சின்ன பேன் என்று திருத்தியும் கொடுத்தது.
தர்வின் சம்மதித்தான்.

சிரித்துவிட்டேன்.
கூடச் சிரிக்க அறையில் ஆளில்லை.
லெபூ, என்றேன் கிரியோலில்,
உன் தலையில் ஊருமே, அது.
அவ்வளவுதான்,
இருபத்திரண்டு கையும் தலைக்குப் போயின.

கப்பலிலிருந்து இறங்கியவர்களை நிறுத்திவைத்து
காதில் விழுந்ததை எழுதிக்கொண்ட குமாஸ்தாவும்
இதைத்தானே செய்திருப்பார்.
நீண்ட வரிசை, வெயில்,
அடுத்த ஆள், அடுத்த ஆள்.
ஒன்று மட்டும் வித்தியாசம்:
இது மூன்று தெரிவு காட்டுகிறது.

கடைசியாக லவிஷ்னா.
பழனியாண்டி குடும்பம்.
பதிவேட்டில் ழகரம் இருக்க வேண்டிய இடத்தில்
எந்தக் காலத்திலோ ஒரு ஜே உட்கார்ந்துவிட்டது.
எந்திரம் நேர்மையாக எழுதியது:
பஜனியாண்டி.
கீழே சிவப்பில் ஒரு நெளிகோடு.

என் கையிலும் சிவப்புப் பேனா இருந்தது.
ழ, என்றேன். நாக்கை மடி.
மடித்தாள். வரவில்லை.
உண்மையைச் சொன்னால்
எனக்கும் பாதி நாள் வருவதில்லை,
ளகரத்தில் சறுக்கி விழுவேன்.

மிஸ், என்றாள்,
அப்பா ஸ சொல்கிறார்.
டாக்டர் ஜ சொல்கிறார்.
நீங்கள் சொல்வது எனக்கு வாயில் வரவில்லை.
இதில் என்னுடையது எது?

பத்தொன்பது வருடம்
நானே பலகையில் பெயர்களை எழுதிப் போட்டேன்.
பார்த்து எழுதினார்கள். பிழையே கிடையாது.
ஒரு குழந்தையும் இதைக் கேட்டதில்லை.

டேப்லெட்டிடம் கேட்டிருந்தால்
அரை நொடியில் ஏதோ சொல்லியிருக்கும்.
நான் மணி அடிக்கும்வரை நின்றேன்.
பழனி என்று ஒரு மலை இருக்கிறது என்றேன்.
நான் போனதில்லை என்பதையும் சொன்னேன்.
மலையா, என்றாள்,
லெ மோர்ன் அளவா?
தெரியவில்லை.

பைகள், நாற்காலிகள், பேருந்து.
கருவிகளைப் பெட்டியில் அடுக்கும்போது பார்த்தேன்:
ஏழாம் எண்ணில்
பஜனியாண்டி அப்படியே இருந்தது.
நெளிகோட்டைக் காணோம்.
அகராதியில் சேர்க்கவா என்று அது கேட்டிருக்க வேண்டும்,
அவள் ஆம் என்று தொட்டிருக்க வேண்டும்.
யார் அதைக் கற்றுக்கொடுத்தது?
நான் இல்லை.

திங்கட்கிழமை வரிசையை முட்டிக்கொண்டு வந்தாள்.
ஏழுதான் வேண்டும், மிஸ்.
கீறல் விழுந்தது அது, என்றேன்.
பரவாயில்லை,
அதற்கு என்னைத் தெரியும்.