கழுதைப்பொத்தைக் குகை, வரவு செலவு

முதல் ஞாயிறு பதினொரு பேர்.
மண்வெட்டி ஏழு, அதில் மூன்றுக்குக் காம்பு ஆடும்.
எனக்கு வெட்ட வராது என்று
கையில் நோட்டைக் கொடுத்துவிட்டார்கள்.
செங்கோட்டை சொசைட்டியில் ரசீது போடுகிறவனுக்கு
வேறென்ன கொடுப்பார்கள்.

பாட்டில் சில்லு மட்டும் ஒன்பது சாக்கு.
பம்புளி இசக்கித்துரை டிராக்டரில் ஏற்றிப் போனான்.
டீசலுக்குக் காசு வாங்கவில்லை.
வாங்கவில்லை என்பதை எழுதச் சொன்னான்.
எழுதினேன்.

அகலப்பாதை வந்தபோது வண்டி வேறு வழி போய்விட்டது.
இதற்குள் மிச்சம்,
பதினெட்டு வருஷத்து ஓடைமண்,
வாசலை மறைத்த உண்ணிச்செடி,
மேற்கு வாயில் சரிந்து அடைத்த பொத்தையின் பாதி.
இனி ஆள் நடக்கலாம், சைக்கிள் மிதிக்கலாம் என்று
மதுரை ஆபீஸ் காகிதம் வரப் பதினாலு மாதம்.
காகிதத்தில் 'சுரங்கப்பாதை' என்று இருந்தது.
யாருக்கும் அது வாயில் நுழையவில்லை.
குகைதான்.

சுவரில் இருபது எட்டுக்கு ஓர் ஆள்மாடம்,
வண்டி வந்தால் கேங்மேன் ஒதுங்கி நிற்க.
நாலாவது மாடத்தில் சேறு வழித்துக்கொண்டிருந்தபோது
தாவூது சும்மா கத்தினான்,
"வண்டீ!"
அடுத்த கணம் எல்லோரும் மாடத்துக்குள் இருந்தோம்,
வயிற்றை எக்கி, மண்வெட்டியை நெஞ்சோடு நிறுத்தி.
மீட்டர்கேஜைக் கண்ணால் பார்த்திராத
நர்ஸ் எஸ்தர் கிருபாவும்.
அவள்தான் கடைசியாக வெளியே வந்தாள்.
"சவத்து மூதி, இனி கத்துனேன்னா
வாயில மண்ண அள்ளிப் போட்டுருவேன்."
தாவூதும் ஒரு மாடத்தில்தான் நின்றிருந்தான்
என்பதை நான் மட்டும் பார்த்தேன்.

ஆறாம் ஞாயிறு சண்டை.
உள்ளே முழுக்க விளக்கு என்றார் பார்வதிநாதன்.
நட்டநடுவில் வௌவால் இருக்கே என்றாள் எஸ்தர்.
அது எங்கயாவது போகும் என்றார்.
நாமதான் எங்கயிருந்தோ வந்திருக்கோம் என்றாள்.
கை தூக்கிப் பார்த்ததில் ஆறுக்கு ஐந்து.
நடுவில் நாற்பது அடி இருட்டு
அப்படியே விடப்பட்டது.
பார்வதிநாதன் இரண்டு வாரம் வரவில்லை;
மூன்றாவது வாரம் வயர் வெட்டும் குறடோடு வந்தார்,
எதுவும் பேசாமல்
அளந்து, நாற்பது அடியைக் கழித்தார்.

ஆனி பிறந்து நாலாம் நாள்
மேற்கு வாயில் கடப்பாரை ஒன்று
எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போனது.
போட்டவன் தடுமாறி விழுந்தான்.
தலையளவு ஓட்டை. பிறகு தோளளவு.
முதலில் சத்தம்தான் வந்தது.
கணவாய்க்கு அந்தப்பக்கம் எத்தனை நாளாய்க் காத்திருந்ததோ
சாரல் காற்று,
நனைந்த இலையும் ரப்பர்ப்பாலும் மணக்க
கல்லை உரசிக்கொண்டு வந்தது.
கூரையில் கரிவண்டிக் காலத்துப் புகைக்கரி
பொருபொருவென்று தோளில் உதிர்ந்தது.
இந்த முறை யாரும் கத்தவில்லை.
யாரும் சிரிக்கவுமில்லை.
வழிவிட்டு நின்றோம்.

அது போன பிறகு பார்க்கிறேன்,
நோட்டில் முதல் நாலு தாளைக் காணோம்.
கிழக்கு வாய்க்கு வெளியே ஒரு தாள்
உண்ணிச்செடியில் கிடைத்தது, மை கரைந்து.
மற்றது வயல்காட்டுக்குப் போயிருக்கும்.

ஆகவே மறுபடி எழுதுகிறேன்:
சில்லு ஒன்பது சாக்கு.
இசக்கித்துரை
டீசலுக்குக் காசு வாங்கவில்லை.