ரவுண்

"அண்டைக்கு நான் ரவுணுக்குப் போனனான்"
என்றார் மூன்றாம் சாட்சி.
செல்வமணிதேவி, அராலி தெற்கு, வயது நாற்பத்தேழு.
உறுதியில் கிடக்கும் கையெழுத்து தன்னுடையது அல்ல,
அந்த நேரம் தான் ஊரிலேயே இல்லை.
அதற்கு அவர் கொண்டுவந்த ஒரே அத்தாட்சி
அந்தச் சொல்.

கொழும்புக்குப் போகும் பிரதியை
ஆங்கிலத்தில் எழுதுகிறவள் நான்.
இதில் எனக்கு வேலையே இல்லை என்று நினைத்தேன்.
சொல் அவர்களுடையது.
இரவல் வாங்கின சட்டி,
கழுவித் திருப்பிக் கொடுத்தால் சரி.

கழுவப் போனால் அடிப்பிடித்திருந்தது.

ர போட்டு எழுதுகிறோம்,
நாக்கு நுனியை மேலே ஒருதரம் தட்டிச் சொல்கிறோம்.
சென்னையிலிருந்து வந்த ஒருவர் கடைப்பலகையை வாசித்துவிட்டு
"எதைச் சுற்றி ரவுண்டு?" என்று கேட்டார்.

ஆங்கிலத்தில் ஊர்ச்சொல்லுக்கு முன்னால்
ஒரு சின்னச் சொல் காவல் நிற்கும்,
'அந்த' என்று முழுதாய்ச் சொல்லாத ஒரு அந்த.
தங்கள் ரவுணுக்குப் போகும்போது மட்டும்
காவற்காரனை வீட்டில் விட்டுவிட்டுப் போவார்கள்.
அந்த ஓரிடத்தில் ஆங்கிலமும்
எங்களைப்போலச் செருப்பில்லாமல் நடக்கிறது:
வீட்டுக்கு. ரவுணுக்கு.

எதிர்த்தரப்புச் சட்டத்தரணி பருத்தித்துறைக்காரர்.
அவருக்கும் சொந்தமாய் ஒரு ரவுண் இருந்தது.
"எந்த ரவுண்?" என்று எழும்பினார்.

"ரவுண்தான் ஐயா. வேறை ரவுண் இருக்கோ?"

மன்று சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.
அது எங்கே தொடங்குகிறது என்றார்.
ஐந்துசந்தியிலா, பண்ணைப் பாலத்திலா,
மாநகரசபை நட்ட பலகையிலா?

பேனையை நிறுத்தினேன். எனக்கும் தெரியவேண்டியிருந்தது.
வண்ணார்பண்ணையில் பிறந்தவள் நான்,
ரவுணுக்குள் இருந்துகொண்டே
"ரவுணுக்குப் போட்டு வாறன்" என்று குடை எடுக்கிறவள்.
நெடுந்தீவார் 'யாழ்ப்பாணம்' என்பார்கள்,
கடல் தாண்டி வருகிறவருக்கு முழுப்பெயர் வேண்டும்.
தொண்ணூற்றைந்தில் எல்லோரும் மழையில் கிளம்பியபிறகு
கடைகள் நின்றன, மணிக்கூட்டுக் கோபுரம் நின்றது.
போவதற்கு ஒரு சனமும் இல்லாத அந்த மாதங்களில்
அதை எப்படி ரவுண் என்பது?

செல்வமணிதேவி யோசிக்கவேயில்லை.
"பஸ்ஸிலை கொண்டக்ரர் 'எல்லாரும் இறங்குங்கோ' எண்டுவார்.
அந்த இடம் ஐயா."

நீதவான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அங்கே உமக்கு என்ன அலுவல்?"

இப்போதுதான் அவர் யோசித்தார்.
பின்வாங்கில் கணவர், மடியில் ஹெல்மெற்.
"சும்மா… ஒரு அலுவல்."

"போனதற்குத் துண்டு ஏதும் இருக்கிறதா?
கடைத்துண்டு, மருந்துத்துண்டு, அடைவுத்துண்டு?"

"இல்லை."
கேள்வி முடியமுதலே வந்த இல்லை.
வலது கை போய் இடது மணிக்கட்டைப் பொத்தியது.
அங்கே காப்பு இல்லை,
தலைமயிர் கட்டுகிற கறுப்பு இறப்பர் மட்டும்.

கஸ்தூரியார் வீதி என்று எழுதியிருக்கலாம் நான்.
படிகள் ஏறி, இரும்புக் கம்பிக்குப் பின்னால்
தராசு வைத்திருக்கும் மேசை வரை எழுதியிருக்கலாம்.
ஒரு மஞ்சள் துண்டு போதும், காணி மிஞ்சும்.
அவர் காணியை விட்டார்.

சாட்சி ஒரு அலுவலாக ரவுணுக்குப் போனார்,
என்று எழுதினேன். காவற்காரன் இல்லாமல்.
கொழும்பில் யாராவது அடிக்கோடு போடுவார்கள்,
எந்த ரவுண் என்று ஓரத்தில் கேட்பார்கள்.

நாலரைக்கு பஸ் நிலையத்தில் அவரைக் கண்டேன்.
யன்னலோரம், தனியே. கணவர் மோட்டார்சைக்கிளில் போயிருக்கவேண்டும்.
என்னைப் பார்த்தார், தெரியாதவர் போல
கச்சான்காரனிடம் திரும்பினார்.

என் கைபேசி அடித்தது.
"எங்கை நிக்கிறியள்?"
ரவுணிலை, என்றேன்.
"என்ன அலுவல்?"
பஸ் உறுமியது, கச்சான்காரன் குதித்து இறங்கினான்.
சும்மா, என்றேன்.