எல்லைக்கல்

வடகரை. கல்பாலம் தாண்டி இடப்பக்கம் இறங்கினால்
மூங்கில் கிட்டங்கிக்குப் பின்னால்
நாற்பத்தியொரு வீடு.
அளந்து தரச் சொல்லி ஆர்டர்.

என் கையிலிருந்த பழைய படத்தில்
வீடே இல்லை.
நீல மசியில் வளைந்துபோகும் ஒரு கோடு. அதற்குள்
வைகை என்று யாரோ
பொறுமையாக எழுதியிருந்தார்கள்.
‘வை’ ஆவுடைத்தங்கத்தின் அடுப்படியில் விழுந்தது.
‘கை’ சந்து முனையில்
ஒரு பல்சர் வண்டிக்கு அடியில்.

டேப்பின் நுனியோடு செயின்மேன் பூவலிங்கம்
வீட்டுக்குள் போனான்.
பீரோவை நகர்த்த வேண்டியிருந்தது.
பின்சுவரில், இடுப்புக்கு மேலே,
பழுப்பாக ஒரு வரி.
“இவன் வயித்துல இருக்கப்ப வந்த தண்ணி சார்.
எத்தனை பெயிண்ட் அடிச்சாலும்
மேல வந்துருது.”
‘இவன்’ வாசலில் நின்று
போனில் என்னைப் படம்பிடித்துக்கொண்டிருந்தான்.

முதலில் வந்தது ஆளில்லையாம், வெள்ளரிக்கொடி.
கோடையில் மணலில் போட்டது.
கொடிக்குக் காவலாய் ஒரு மைதீன் ராவுத்தர்.
ராவுத்தருக்குக் கூரை,
கூரைக்கு அடுப்பு,
அடுப்புக்குக் காற்று மறைக்க ஒரு சுவர்,
சுவர் எழும்பியதும் அதற்கொரு நம்பர்,
நம்பருக்கு வரி,
வரி கட்டியவருக்கு ஓட்டு,
ஓட்டுக்கு ஒரு தெருக்குழாய்.
குழாயில் தண்ணீர் வந்த வருஷம்
ஆற்றில் வரவில்லை.

படிவத்தில் ஒரு கட்டம்: நிலத்தின் தன்மை.
எழுதிக்கொண்டிருக்கும்போதே
பின்னால் கிரிக்கெட் ஆடும் பையன்களில் ஒருவன் கத்துகிறான்:
“டேய் பொறம்போக்கு, பந்த எட்ரா!”
பந்து கருவேலங்காட்டுக்குள் போயிருந்தது,
அதாவது ஆற்றுக்குள்.
நான் பேனாவை
கொஞ்ச நேரம் மூடி வைத்தேன்.

மூன்றாம் எண் எல்லைக்கல்லை மட்டும் காணோம்.
மதியம் வரை தேடி
ஜொகராம்மாள் துணி துவைக்கும் கல்லை
பூவலிங்கம் சந்தேகமாகப் புரட்டினான்.
அடியில், பாசிக்குள், அம்புக்குறி.
“இது ஏதும்மா?”
“ஆத்துல கெடந்துச்சு. வெள்ளம் வடிஞ்சப்ப
எங்க வீட்டுக்காரர் உருட்டிக்கிட்டு வந்தார்.”

எங்கே கிடந்தது என்று கேட்டேன்.
அவர் கை நீட்டிய இடத்தில்
புதிய நாற்கரச் சாலை,
தடுப்புச் சுவர், செடிகளுக்குக் கூண்டு.
படத்தில் வைத்துப் பார்த்தேன்.
நீலக் கோட்டுக்குள்தான், எங்களைவிட
இன்னும் நூறடி ஆழத்தில்.

சாலையை அளக்கச் சொல்லி எனக்கு ஆர்டர் இல்லை.

“வேலை முடிஞ்சுதா சார்? ஊறப்போட்ட துணி கெடக்கு.”
இருவருமாகப் பிடித்து
கல்லைப் பழையபடி கவிழ்த்தோம்,
அம்பு மண்ணைப் பார்க்க.